பாப்பா கணக்கு

ஜூன் 1, 2025, ஞாயிறு

அம்மா பையைக் கட்டிவிட்டாள். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. அரிசியில் வண்டு விழுந்திருக்கிறதா பார்க்க வேண்டும், முட்டைக் கணக்கு எழுத வேண்டும், சமையலறையைக் கழுவிவிட வேண்டும். சத்துணவு அமைப்பாளர் திறக்கிற வாரத்தில் லீவு போட்டால் நன்றாக இருக்குமா? இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ். "ரிட்டையர் ஆனதும் உன் கூடவே வந்துடறேன்டி" என்கிறாள். அதற்குள் பாப்பா பிளே ஸ்கூலுக்கே போய்விடுவாள்.

"ஏன், அம்மா பார்த்துக்க மாட்டாங்களா?" மாடி வீட்டு அக்கா, என் மேனேஜர், ஊசி போடுகிற நர்ஸ், எல்லோருக்கும் இதே கேள்விதான். அம்மாவுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னால், "ஓ, சத்துணவா" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

ஜூன் 2

அம்மா போயாச்சு. மத்தியானம் மூன்று மணிக்குத்தான் பல் தேய்த்தேன்.

ஜூன் 4, புதன்

கிரஷ் பார்க்கப் போனோம். மேடவாக்கத்துக்குள்ளேயே ஒன்று, பெரும்பாக்கம் போகிற வழியில் ஒன்று. முதலாவது மலிவு. ஆனால் ஒரே அறையில் எல்லா வயதுப் பிள்ளைகளும். மூன்று வயதுப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் மேல் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

இரண்டாவது சுத்தமாக இருக்கிறது. ஒரு வயதுக்குள் என்றால் மாதம் 15,500. ஒரு வயதுக்கு மேல் 13,500. சின்னக் குழந்தைக்கு ஏன் அதிகம் என்று அவர் கேட்டார். நாலு குழந்தைக்கு ஓர் ஆயா வேண்டும் சார், பெரிய பிள்ளைகள் என்றால் ஓர் ஆயா எட்டுப் பேரைப் பார்ப்பார் என்றார்கள். நியாயம்தான். கையில் தூக்கி வைத்துக்கொள்வதற்கு மெஷின் எதுவும் வந்துவிடவில்லையே.

அட்மிஷன் 12,000, திரும்ப வராது. டெபாசிட் ஒரு மாதக் கட்டணம். ஃபோனில் கேமரா பார்க்க மாதம் 500. காலை 9 முதல் மாலை 6.30 வரை. அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் 150. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் முன்பணம்.

எல்லாம் சரி என்று பேனாவை எடுத்த பிறகுதான் சொன்னார்கள், ஆறு மாதம் முடிந்த குழந்தையைத்தான் எடுப்பார்களாம்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிவது 20-ஆம் தேதி. என் பிரசவ லீவு 8-ஆம் தேதியோடு முடிகிறது.

26 வாரம் என்றால் ஆறு மாதம்தானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிரசவத்துக்கு முன்னால் எடுத்த நாட்களும் அதில்தான் சேரும். கால் வீங்கிப் போய் டிசம்பர் 9 முதல் வீட்டில் இருந்தேனே, அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். ஆறு மாதம் ஆனால்தான் சேர்ப்போம் என்று கிரஷ் சொல்கிறது. சட்டம் போட்டவர்கள் பிரசவத்துக்கு முதல் நாள் வரை ஆபீசில் உட்கார்ந்திருப்போம் என்று எண்ணிவிட்டார்கள் போல.

ஜூன் 6, வெள்ளி

ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனுக்கான ரெப்போ வட்டியை அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கிவிட்டதாம். அவர் ஆபீசிலிருந்தே ஃபோன். "வீட்டு லோன் 33,400-ல ஆயிரத்து இருநூறு குறையும். டயப்பர் காசு வந்துடுச்சு!"

சாயங்காலம் வங்கியில் விசாரித்தால், எழுதிக் கொடுக்காவிட்டால் இஎம்ஐ அப்படியேதான் இருக்கும், தவணைகளின் எண்ணிக்கைதான் குறையும் என்றார்கள். அதுவும் வட்டியை மாற்றுகிற அடுத்த ரீசெட் தேதி வரும்போது. எங்களுக்கு அது செப்டம்பர். 2040-களில் எப்போதோ ஒரு வருடம் முன்னதாகக் கடன் முடியும். பாப்பா அப்போது காலேஜில் இருப்பாள். ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 8, ஞாயிறு

முடிவு: முதல் வாரம் அவர் லீவு. அடுத்த வாரம் நான், சம்பளம் இல்லாமல். மேனேஜருக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று எழுதியிருந்தேன். லீவு முடிந்த பிறகு இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அப்படிச் செய்யலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்திலேயே இருக்கிறது. 'ஒப்புக்கொண்டால்' தானே. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ராத்திரி பத்து மணிக்குப் பம்ப் போட்டு 90 மில்லி. ஃப்ரீஸரில் தேதி எழுதி வைத்தேன்.

பக்கத்து பிளாக் டீச்சர் வந்திருந்தார், அரசுப் பள்ளி. அவருக்கு ஒரு வருடம் முழுச் சம்பளத்தோடு. 2021 ஜூலையிலிருந்து மாநில அரசில் அப்படி. அவர் பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகுதான் வேலைக்குப் போனார். பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

ஸ்டோர் ரூமில், பழைய பிரிண்டருக்கும் தண்ணீர் கேன்களுக்கும் நடுவில், கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு பால் எடுத்தேன். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை தினம் இரண்டு இடைவேளை உண்டு, சட்டப்படி. இடைவேளை கொடுக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. இடம்தான் இல்லை. யாரோ கேன் எடுக்கத் தட்டினார்கள். "ஒரு நிமிஷம்" என்று கத்தினேன். பதினைந்து நிமிஷம் ஆனது.

ஜூன் 11

லிஃப்டில் செக்யூரிட்டி அவரிடம் ரகசியமாகக் கேட்டாராம்: "வேலை போயிடுச்சா சார்?"

ஜூன் 13, வெள்ளி

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் கிரஷ் வசதி இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை அம்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இதுவும் அதே 2017 திருத்தம்தான். ஹெச்.ஆரில் கேட்டேன். அந்தப் பெண் நல்ல பெண். குரலைத் தாழ்த்தி, "நம்ம ரோல்ஸ்ல நாற்பத்தாறு பேர்தான் மேடம்" என்றாள்.

எங்கள் தளத்தில் மதியம் சாப்பாட்டு ஹாலில் உட்கார இடம் கிடைப்பதில்லை. சப்போர்ட் டீம் முழுக்க வேறு கம்பெனி பெயரில். ஹவுஸ்கீப்பிங் இன்னொரு கம்பெனி. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிக்கெட்டைப் பார்க்கிற இரண்டு பேரில் ஒருத்திதான் கணக்கில் வருவாள். நாற்பத்தாறில் நிற்பது தற்செயலா என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். பெருங்குடியில் மெட்ரோ வேலை, மேடவாக்கத்திலும் மெட்ரோ வேலை. வீட்டு வாசலையும் ஆபீஸ் வாசலையும் ஒரே நேரத்தில் தோண்டியிருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

சண்டை.

அவர் எக்செல் ஷீட் போட்டிருக்கிறார். அக்கறையாகத்தான். என் பெயருக்குக் கீழே 41,500. அதிலிருந்து கழித்தல்: கிரஷ் 15,500, கேமரா 500, ஆட்டோ 3,600. மீதி 21,900. அதை மஞ்சள் அடித்து வைத்திருக்கிறார். "இதுக்காக நீ இவ்ளோ அலையணுமான்னுதான் கேக்கறேன்."

அவர் பெயருக்குக் கீழே 52,000. கழித்தல் எதுவும் இல்லை. அவருடைய பெட்ரோல் 4,500 'பொது' என்ற தலைப்பில் இருக்கிறது. என் ஆட்டோ என் கணக்கில்.

"கிரஷ் ஏன் என் சம்பளத்துல கழியுது?" என்று கேட்டேன்.

"எங்க கழிச்சா என்ன, மொத்தம் ஒண்ணுதானே."

"ஒண்ணுதான்னா உங்க பக்கம் போடுங்க."

பேசாமல் இருந்தார். போடவும் இல்லை.

மொத்தம் ஒன்றுதான், தெரியும். ஆனால் அந்த ஷீட்டைப் பார்க்கிறவருக்கு, நான் வேலைக்குப் போவதே குழந்தையை விட்டுவிட்டு 21,900 சம்பாதிக்கத்தான் என்று தோன்றும். அவர் வேலைக்குப் போவது மழை பெய்வது போல, அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. பாப்பா ஒருத்திக்குப் பிறந்தவள் இல்லையே.

என் கணக்கை நோட்டில் எழுதினேன். பி.எஃப். என் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. கையில் வருகிற 41,500-க்கு வெளியே இருப்பதால் ஷீட்டில் இல்லை. நவம்பரில் ஐந்து வருடம் முடிகிறது. அதற்கு முன் விட்டால் கிராஜுவிட்டி கிடைக்குமா என்பது சந்தேகம். இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனால் இதே 41,500-க்கு எடுப்பார்களா? எங்கள் பேட்ச்சில் போய் வந்தவளுக்கு 28,000 சொன்னார்கள். இந்தப் பத்திகள் எதற்கும் எக்செல்லில் இடம் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது அவர்தான் முதலில் பேசினார். உப்பு குறைவு என்று.

ஜூன் 17, செவ்வாய்

சம்பளம் இல்லாத வாரம். பாப்பா குப்புற விழுந்து, கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் கத்துகிறாள். எடுத்துவிட்டால் சிரிக்கிறாள். மறுபடி விழுகிறாள்.

இந்த வாரம் என் கையை விட்டுப் போவது ஏழாயிரம் சொச்சம். அவர் எடுத்திருந்தால் இன்னும் அதிகம் போயிருக்கும், அதனால் நான் எடுப்பதுதான் லாபம் என்று முடிவாயிற்று. சம்பளம் குறைவு என்பதால் லீவு எனக்கு. லீவு அதிகம் என்பதால் சம்பளம் ஏறாது. கணக்கில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

ஜூன் 20, வெள்ளி

ஆறு மாதம். அத்தை, அவருடைய அம்மா, வீடியோ காலில் வந்தார். சோறு ஊட்டுவது திருச்செந்தூரில்தான் என்கிறார். "கும்பாபிசேகம் முடியட்டும், அப்புறம் கூட்டிட்டு வா. அதுக்கு முன்ன யாரு ஊட்டுனாலும் செல்லாது, கேட்டியா?" சரி என்றேன். கிரஷில் திங்கட்கிழமையே பருப்புத் தண்ணீர் கொடுப்பார்கள். சொல்லவில்லை.

ஊர்ச் சீட்டை எடுத்தாயிற்று. ஒரு லட்சம் சீட்டு, 18,000 விட்டுக்கொடுத்து ஏலத்தில் எடுத்தார் அப்பா. மார்ச்சில் எடுக்கலாம் என்று வைத்திருந்தது, பாப்பாவுக்கு ஒரு பவுனாவது வாங்க. பவுன் 70,000-ஐத் தாண்டிவிட்டது, அது வேறு. அட்மிஷன், டெபாசிட், அரை மாதக் கட்டணம் மூன்றும் சேர்த்து 35,250.

ஜூன் 23, திங்கள்

அழவில்லை. ஆயா தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனாள். கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மீட்டிங்கில் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஜூன் 24

இன்று அழுதாள்.

ஜூன் 27, வெள்ளி

5.40-க்கு ஆபீசை விட்டுக் கிளம்பினால் 6.30-க்குள் போய்விடலாம் என்பது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. இன்று மழை. துரைப்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை வரை ஒரே வரிசையாக சிவப்பு விளக்கு. ஏழு அடித்து நாலு நிமிஷம். அரை மணிக்கு 150, அதற்கு மேல் நாலு நிமிஷத்துக்கு இன்னொரு 150. ரசீது கூடக் கொடுத்தார்கள்.

அந்த ஆயாவுக்கு அதில் எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார்.

ஜூன் 30, திங்கள்

மாதக் கணக்கு. நானே எழுதினேன், எக்செல் வேண்டாம்.

இஎம்ஐ 33,400. மெயின்டனன்ஸ் 2,800. அத்தை மாமாவுக்கு 8,000. சீட்டு 5,000 (எடுத்தாலும் கட்டித்தானே ஆக வேண்டும்). மளிகை, காய், பால் 12,000-க்குக் கொஞ்சம் மேல். பெட்ரோலும் ஆட்டோவும் 8,000. டயப்பர், துடைக்கிற பேப்பர், ஊசி, டாக்டர் எல்லாம் 5,200. இதற்குத் தனித் தலைப்பு வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. கரண்ட், கேஸ், ஃபோன் 4,000. அடுத்த மாதம் முழுக் கட்டணம் 16,000, கேமரா சேர்த்து. கூட்டினால் 94,400-க்குக் கொஞ்சம் மேல்.

வருவது 93,500.

அவ்வளவுதான். ஒரு செருப்பு அறுந்தால் கூட கிரெடிட் கார்டு.

ஹெச்.ஆரிலிருந்து பழைய வரி முறையா, புதியதா என்று மெயில். பழையதில் பிளே ஸ்கூல் டியூஷன் ஃபீஸ் 80சி வரிக் கழிவில் வரும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற காசு வராது, ஏனென்றால் அது படிப்பு இல்லை. எனக்கு எப்படியும் புதிய முறையில் வரி வராது. ஆனால் அதைப் படித்தபோது கோபம் வந்தது. புதியதில் சம்பளக்காரர் எல்லோருக்கும் 75,000 நிலையான கழிவு. வீட்டில் குழந்தை இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதில்லை.

கேமராவை நிறுத்திவிட்டால் 500. நிறுத்த மாட்டேன்.

ஜூலை 2, புதன்

ஆயாவோடு பேசிக்கொண்டிருந்தேன், பாப்பா தூக்கத்தில் இருந்ததால். அவருக்குச் சம்பளம் 10,000. பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறார். முன்பு மயிலாப்பூர்ப் பக்கம், கால்வாய் ஓரம். அங்கே இருந்தவரை அம்மா எதிர் வீடு, பெரிய பையனை அம்மாதான் வளர்த்தார். இங்கே மாற்றிக்கொண்டு வந்தபோது அம்மாவுக்கு வேறு இடத்தில் வீடு ஒதுக்கிவிட்டார்கள். சின்னவனுக்கு மூன்று வயது. காலையில் அங்கன்வாடி. மத்தியானச் சாப்பாடு அங்கேயே, முட்டையும் போடுகிறார்கள். சாயங்காலம் வரைக்கும் இருக்காதே என்றேன். மீதி நேரத்துக்கு அடுத்த வீட்டுப் பாட்டி, மாதம் 1,500. "பாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னா நான் லீவு. நான் லீவுன்னா உங்க பாப்பாவ வேற ஆளு பாக்கும்." பெண்களுக்கு இலவசம் என்பதால் பஸ்ஸுக்குச் செலவில்லை, அதனால்தான் இந்த வேலை கட்டுப்படியாகிறது என்றார். இலவச பஸ் எப்போது வரும் என்பது வேறு விஷயமாம்.

15,500-இல் நாலு குழந்தைக்கு 62,000. ஆயாவுக்கு 10,000. வாடகை, கரண்ட், ஏசி, சமையல் எல்லாம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மனம் தானாகக் கூட்டுகிறது, கழிக்கிறது. இந்த மாதம் வந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் இப்படித்தான்.

ஜூலை 4, வெள்ளி

11.40-க்கு கிரஷிலிருந்து ஃபோன். உள்ளங்கையிலும் வாயைச் சுற்றியும் கொப்புளம். உடனே வரச் சொன்னார்கள். கை-கால்-வாய்க் காய்ச்சல், இந்த சீசனில் எல்லா கிரஷிலும் ஓடுகிறது, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். கொப்புளம் காய்ந்து, சர்டிஃபிகேட் வாங்கின பிறகுதான் திரும்ப எடுப்பார்கள். ஒரு வாரமாவது ஆகும்.

நேற்றுத்தான் முழுக் கட்டணமும் கட்டினோம். கழிவு கிடையாது.

"நாளைக்கு எனக்கு கிளையன்ட் விசிட்" என்றார். நாளை சனிக்கிழமை. திங்கள்தான் என்று திருத்திக்கொண்டார். திங்களும் நான்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூலை 5

ராத்திரி முழுக்கத் தோளில். பால் குடிக்கவில்லை. ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக.

ஜூலை 7, திங்கள்

திருச்செந்தூர் குடமுழுக்கு டிவியில். 16 வருடத்துக்குப் பிறகு. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கடலே தெரியவில்லை, எங்கும் தலைகள். அத்தை அந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கிறார். ராஜகோபுரத்தில் தண்ணீர் ஊற்றும்போது பாப்பா கொட்டாவி விட்டாள். இன்று காய்ச்சல் இல்லை. அதுவே போதும்.

மேனேஜர் மெசேஜ்: "எப்ப வர்றீங்க?" நலமா என்று ஒரு வார்த்தை முன்னால் சேர்த்திருக்கலாம்.

ஜூலை 9, புதன்

அத்தையிடம் பேசினோம். ஸ்பீக்கரில் போட்டு. "பிள்ளைய யாரு கையிலயோ குடுத்துட்டு நீ எப்படிளா அங்க உக்காந்து வேல பாக்க?" என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்லவில்லை. இவர்தான், "அப்ப நீ வந்து பாத்துக்கம்மா" என்றார்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அத்தை கேட்டார்: "அங்க எவ்வளவுல கட்டுதீய?"

"பதினஞ்சாயிரத்து ஐநூறு."

"அத எனக்குத் தாங்க. வாரேன்."

இவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. மாமாவுக்குக் கால் புண் ஆறவில்லை, தினம் கட்டு மாற்ற வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அங்கே 9,000 கேட்கிறார்கள். சமைத்துப் போட ஆள் வேண்டும். அத்தை விற்கிற பனங்கருப்பட்டி வியாபாரம் நிற்கும், அதில் மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ. எல்லாவற்றையும் மனக்கணக்காகச் சொன்னார். எக்செல்லே தேவையில்லை.

ஃபோனை வைத்ததும் இவருக்கு முகம் தொங்கிவிட்டது. "பேத்தியப் பாத்துக்கக் காசு கேக்குறாங்க பாரு." ஆயாவுக்கு நாம் கொடுப்பதை ஏன் அத்தை கேட்கக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. அம்மா ஐந்து மாதத்தில் முடிந்தபோதெல்லாம் வந்து இருந்தாளே, அதை யாராவது ஒரு நாளாவது எந்தப் பத்தியிலாவது எழுதினோமா? அத்தை மேல் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு சண்டை.

ஜூலை 11, வெள்ளி

இன்க்ரிமென்ட் லெட்டர். நாலு சதவீதம். மற்றவர்களுக்கு எட்டு, ஒன்பது. "ரிவ்யூ பீரியட்ல நீங்க கடைசி வரைக்கும் இல்லையே" என்றார் மேனேஜர், வருத்தமாகத்தான் சொன்னார். மாதம் 1,660.

ஜூலை 14, திங்கள்

திரும்ப கிரஷ். ஆயாவைப் பார்த்ததும் பாப்பா கையை நீட்டினாள். எனக்குச் சந்தோஷமா என்னவென்று தெரியவில்லை, பஸ் வந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

எக்செல்லைத் திறந்து பார்த்தேன். கிரஷ் 'பொது' தலைப்புக்கு நகர்ந்திருக்கிறது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோ இன்னும் என் பக்கம்தான்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் வீடு விட்டுக் கிளம்ப மாட்டேன், ஆவணியில் வருகிறேன் என்கிறார் அத்தை. 12,000-க்கு இறங்கியிருக்கிறார், கூட மாமாவும் வருவார், அவர் மருந்துச் செலவு எங்களுடையது. அப்படியென்றால் மாதம் அனுப்புகிற 8,000 நிற்கும். மொத்தத்தில் எங்களுக்கு மிச்சம். ஆனால் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர், கால் புண்ணுக்குத் தினம் நர்ஸ், லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது. கிரஷுக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காவிட்டால் டெபாசிட் போய்விடும். ஆவணி 1 என்பது ஆகஸ்ட் 17. அப்படியானால் நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு அத்தை வராமல் போனால், இடம் இன்னொரு குழந்தைக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் இப்போதே ஆள் இருக்கிறார்களாம்.

நோட்டீஸ் டைப் செய்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

ஜூலை 17

ஆயா இன்று லீவு. பாட்டிக்கு உடம்பு சரியில்லை.